கேஸ் அடிக்க முன் நேரத்தைக் குறித்துக் கொள்ளுங்கள்

வாகன ஏசியில் வரும் பழுதுகள் இரண்டு வகைப்படும். ஒன்று, அறவே குளிராமல் போவது. இதில் குழப்பம் குறைவு. எப்போது பார்த்தாலும் பழுது பழுதாகவே இருப்பதால் மெக்கானிக் எளிதில் கண்டுபிடித்து விடுவார். மற்றையது, ஒரு நேரம் நன்றாகக் குளிர்ந்து, இன்னொரு நேரம் வெறும் காற்றை மட்டும் வீசுவது. எங்களைப் போன்ற வியாபாரிகளின் பணத்தை அதிகம் தின்பது இந்த இரண்டாவது வகைதான்.

காரணம் மிகவும் எளிது. புறக்கோட்டை வெயிலில் குளிராத வாகனம், கராஜுக்குப் போய் நின்றதும் குளிரத் தொடங்கி விடும். மெக்கானிக் கையை வைத்துப் பார்ப்பார். "ஹாஜியார், கேஸ் கொஞ்சம் குறைவு போல இருக்கு, அடிச்சு விடுவம்" என்பார். நாமும் சரி என்போம். பில்லைக் கட்டி விட்டு வருவோம். பத்து நாளில் பழைய கதைதான். திரும்பவும் கேஸ், திரும்பவும் பில்.

நான் மெக்கானிக் அல்லன். ஆனால் முப்பது வருடங்களாக வியாபாரத்துக்காக வாகனம் வைத்திருப்பவன். வான் ஒன்று ஒரு நாள் ஓடாவிட்டால் எத்தனை கடைகளுக்குச் சரக்குப் போகாது என்பதை அறிந்தவன். ஆகவே இந்த வாரம் கணக்குப் புத்தகத்தைச் சற்று மூடி வைத்து விட்டு, பொனட்டைத் திறந்து பார்ப்போம்.

இன்னொரு காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் எங்களில் பலர் இருக்கிற பழைய வானையே சமாளித்து ஓட்டப் பழகி விட்டோம். வாகனம் வயது போகப் போக முதலில் தொல்லை தரும் பகுதிகளில் ஏசியும் ஒன்று.

கேஸ் என்பது பெற்றோல் அல்ல

முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் களைய வேண்டும். ஏசி கேஸ் எரிந்து தீர்ந்து போகும் பொருளல்ல. அது நாலாபுறமும் அடைக்கப்பட்ட குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. பழைய ரப்பர் குழாய்கள், கொம்பிரசரின் முன் சீல் ஆகியவற்றினூடாக மிகச் சிறிதளவு கசிவது உண்மை. அது வருடக் கணக்கில் நடக்கும் காரியம். ஒரு மாதத்தில் கேஸ் குறைந்து விட்டது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் பொருள். ஓட்டையை அடைக்காமல் கேஸ் அடிப்பது, கிழிந்த மூட்டையில் அரிசி கொட்டுவதற்குச் சமம்.

ஏசி எப்படி வேலை செய்கிறது என்பதை வியாபாரிகளின் பாஷையிலேயே சொல்லலாம். கேஸ் என்பது சூட்டை ஏற்றி இறக்கும் ஒரு லொறி. டாஷ்போட்டுக்குள் இருக்கும் கூலிங் கொயிலில், வாகனத்துக்குள்ளே இருக்கும் சூட்டை அது ஏற்றிக் கொள்கிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் அந்தச் சூட்டை வெளியே இறக்கி விடுகிறது. இந்த லொறியைத் தள்ளிக்கொண்டு போவது, எஞ்சின் பெல்ட்டால் சுழலும் கொம்பிரசர். கண்டென்சரில் இருந்து கூலிங் கொயிலுக்குப் போகும் வழியில் எக்ஸ்பான்ஷன் வால்வ் என்ற சிறிய வாசல் இருக்கிறது. எவ்வளவு கேஸ் உள்ளே போகலாம் என்பதை அதுதான் அளந்து விடுகிறது.

ஏற்றுமிடம், இறக்குமிடம், ஓட்டுபவர், வாசல் ஆகிய நான்கில் எது தடைப்பட்டாலும் குளிர் நின்று விடும். நேரத்துக்கு நேரம் குளிர்கிறது என்றால், நான்கில் ஒன்று நேரத்துக்கு நேரம் தடைப்படுகிறது என்பதே விஷயம். எந்த நேரத்தில் தடைப்படுகிறது என்று தெரிந்தால், எது தடைப்படுகிறது என்பது பெரும்பாலும் தெரிந்து விடும். அந்த நேரம் மெக்கானிக்குக்குத் தெரியாது. வாகனத்தில் இருந்த உங்களுக்கும் உங்கள் சாரதிக்கும் மட்டுமே தெரியும்.

ஆகவே ஒவ்வொரு நேரமாக எடுத்துப் பார்ப்போம்.

ஓடும்போது குளிர், நின்றால் சூடு

கொழும்பில் அதிகமாகக் காணப்படுவது இதுதான். நீர்கொழும்பு வீதியில் ஓடும்போது நன்றாகக் குளிரும். மெயின் வீதியில் நெரிசலில் மாட்டியதும் சூடான காற்று வரும். மீண்டும் ஓடத் தொடங்கினால் குளிரும்.

ஓடும்போது எதிர்க்காற்றே கண்டென்சரைக் குளிர வைக்கிறது. நிற்கும்போது அந்த வேலையைச் செய்ய வேண்டியது கண்டென்சர் பேன். பேன் சுழலாவிட்டாலோ மெதுவாகச் சுழன்றாலோ, லொறி சரக்கை இறக்க முடியாமல் வரிசையில் நிற்கும். குழாயில் அமுக்கம் ஏறும். அளவு கடந்து ஏறினால் பிரஷர் சுவிச் கொம்பிரசரை நிறுத்தி விடும். பல ஜப்பான் வாகனங்களில் இந்த எல்லை ஏறத்தாழ 450 பீஎஸ்ஐ.

இதை நீங்களே பார்க்கலாம். வாகனத்தை நிறுத்தி, எஞ்சினை ஓட விட்டு, ஏசியைப் போட்டு, பேன் சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலாவிட்டால் பியூஸ், ரிலே, பேன் மோட்டார் என்ற ஒழுங்கில் பார்க்கச் சொல்லுங்கள். சுழன்றும் குளிரவில்லை என்றால் கண்டென்சரின் தகடுகளுக்கு இடையில் தூசு, பூச்சி, சேறு அடைத்திருக்கலாம். அதை மென்மையான தண்ணீர்ப் பீச்சலால் கழுவினாலே பல வாகனங்கள் சரியாகி விடும். சேர்விஸ் ஸ்டேஷனில் உயர் அமுக்கத் தண்ணீரை நேராக அடித்தால் தகடுகள் மடிந்து விடும். கவனம் தேவை.

எனக்குத் தெரிந்த இனிப்புப் பண்ட விநியோகஸ்தர் ஒருவருக்கு நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். சொக்லட் ஏற்றும் வான் அது. சொக்லட்டில் உள்ள கொக்கோ வெண்ணெய் 34 பாகை செல்சியஸ் அளவில் உருகி விடும். மூடிய வாகனம் வெயிலில் நின்றால் உள்ளே 40 பாகையைத் தாண்டுவதற்கு அதிக நேரம் எடுக்காது. காலையில் கொழும்பை விட்டுப் புறப்படும்போது அந்த வான் நன்றாகக் குளிரும். பகலில் கடைகளுக்கு முன்னால் நிறுத்தி நிறுத்திச் சாமான் இறக்கும்போது குளிர் போய் விடும். நான்கு மாதத்தில் மூன்று தரம் கேஸ் அடித்தார்கள். கேஸ் குறையவே இல்லை. கண்டென்சர் பேன்தான் சூடேறியதும் நின்று கொண்டிருந்தது. தேவைக்கு மேல் அடித்த கேஸ் அமுக்கத்தை இன்னும் கூட்டியது. கடைசியில் கொம்பிரசர் இறுகிப் போனது. பேன் மோட்டாரோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, கொம்பிரசர், ட்ரையர், குழாய் கழுவுதல் என்று நீண்டு விட்டது. உருகிய சரக்கின் நட்டம் வேறு.

"எந்த நேரத்தில் குளிர் போகுது தம்பி?" என்று முதல் நாளே யாராவது அந்த வானின் சாரதியிடம் கேட்டிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

நெடுந்தூரம் போனபின் காற்றும் குறைகிறது

புத்தளம், அநுராதபுரம் என்று தூரப் பயணம் போகும்போது முதல் ஒரு மணித்தியாலம் அருமையாகக் குளிரும். பின்னர் குளிர் குறையும். கூடவே காற்றின் வேகமும் குறைந்து விடும். பேன் சத்தம் கேட்கும், காற்று மட்டும் வராது. தேநீர் குடிக்க நிறுத்தி, கால் மணித்தியாலம் கழித்துப் புறப்பட்டால் மீண்டும் நன்றாக வரும்.

இது கூலிங் கொயிலில் பனிக்கட்டி பிடிப்பதன் அடையாளம். கொயில் உறைநிலைக்கு அண்மையில் வந்ததும் கொம்பிரசரைச் சற்று நிறுத்தி வைப்பதற்காக, கொயிலில் தேர்மிஸ்டர் என்ற சிறிய உணர்கருவி ஒன்று இருக்கிறது. அது பழுதானாலோ இடம் மாறினாலோ கொம்பிரசர் நிற்காமல் ஓடும். காற்றிலுள்ள ஈரம் கொயிலில் பனியாகப் படிந்து காற்றின் பாதையை அடைத்து விடும்.

சோதிப்பது எளிது. இப்படி வரும்போது ஏசி சுவிச்சை மட்டும் நிறுத்தி, காற்றுப் பேனை முழு வேகத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட விடுங்கள். காற்று திரும்பி வந்தால், வாகனத்துக்கு அடியில் வழமைக்கு மேலாகத் தண்ணீர் வடிந்தால், பனிதான். தேர்மிஸ்டரை மாற்றுவதற்கு முன்னால் கெபின் பில்டரைக் கழற்றிப் பாருங்கள். பல வாகனங்களில் இது முன் ஆசனப் பெட்டியான குளோவ் பொக்ஸுக்குப் பின்னால் இருக்கும். வாகனம் வாங்கிய நாள் முதல் கழற்றாத பில்டர்கள் ஏராளம். காற்று போதாவிட்டாலும் கொயில் உறையும்.

காற்று பலமாக வருகிறது, குளிர் மட்டும் இல்லை

மேலே சொன்னதைப் போலவே சற்று நேரம் ஓடியபின் குளிர் போகிறது, ஓய்வு கொடுத்தால் திரும்புகிறது, ஆனால் காற்றின் வேகம் சிறிதும் குறையவில்லை என்றால் கதை வேறு. குழாய்க்குள்ளே ஈரம் புகுந்திருக்கலாம். எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துவாரத்தில் அந்த ஈரம் உறைந்து வாசலை மூடி விடுகிறது. சற்று நேரத்தில் உருகித் திறக்கிறது.

உள்ளே ஈரம் எப்படிப் போனது? பெரும்பாலும் முன்னர் நடந்த ஒரு பழுதுபார்த்தலின்போதுதான். குழாயைத் திறந்து வேலை செய்தவர், வெகியூம் பம்ப் போட்டு உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் முறையாக இழுக்காமல் கேஸை அடித்திருப்பார். இதற்குச் சரியான வைத்தியம், கேஸை எடுத்து, ட்ரையரைப் புதிதாக மாற்றி, குறைந்தது அரை மணித்தியாலமாவது வெகியூம் போட்டு, பின்னர் அளந்து கேஸ் நிரப்புவது. மேலும் கொஞ்சம் கேஸ் அடிப்பதால் ஈரம் போகாது.

எஞ்சின் சூடானபின் திடீரென நிற்கிறது

காலையில் பழுதே தெரியாது. அரை மணித்தியாலம் ஓடி எஞ்சின் பகுதி சூடானபின் சட்டெனக் குளிர் போய் விடும். ஆறியபின் தானாக வரும். இங்கே சந்தேகிக்க வேண்டியது கொம்பிரசரின் கிளச்.

கொம்பிரசரின் முன்னால் ஒரு தட்டு இருக்கிறது. ஏசியைப் போட்டதும் மின்காந்தம் அந்தத் தட்டை இழுத்துப் புலியுடன் ஒட்ட வைக்கும். "டிக்" என்று கேட்கும் சத்தம் அதுதான். தட்டுக்கும் புலிக்கும் இடையில் பொதுவாக 0.3 முதல் 0.6 மில்லிமீற்றர் வரைதான் இடைவெளி. வருடக் கணக்கில் தேய்ந்து இந்த இடைவெளி கூடி விடும். கிளச் கொயில் சூடானால் அதன் மின் தடை கூடிக் காந்தத்தின் பலம் குறையும். குளிர்ந்த நேரத்தில் இழுக்கும் காந்தத்துக்கு, சூடான நேரத்தில் அந்த இடைவெளியைக் கடக்கப் பலம் போதாது.

குளிர் போன நேரத்திலேயே பொனட்டைத் திறந்து, புலியின் முன்தட்டு சுழல்கிறதா என்று தூரத்தில் நின்று பாருங்கள். தொங்கும் சால்வையோ சாரனோ உடுத்துக்கொண்டு சுழலும் பெல்ட்டுக்குக் கிட்டப் போக வேண்டாம். ஆசனத்துக்குக் கீழே எஞ்சின் உள்ள வான்களில் இதை மெக்கானிக்கிடமே விட்டு விடுவது நல்லது. தட்டு நிற்கிறது என்றால், கிளச் வயருக்கு மின்சாரம் வருகிறதா என்று மீற்றரால் அளக்கச் சொல்லுங்கள். 12 வோல்ட் வருகிறது, தட்டு ஒட்டவில்லை என்றால் பழுது கிளச்சில். பல வேளைகளில் உள்ளேயுள்ள மெல்லிய வொஷர் ஒன்றைக் கழற்றி இடைவெளியைக் குறைத்தாலே போதும். அதற்காக முழுக் கொம்பிரசரையும் மாற்றத் தேவையில்லை.

மின்சாரமே வரவில்லை என்றால் ரிலே, பிரஷர் சுவிச், தேர்மிஸ்டர், வயர் என்று தேட வேண்டும். பல வாகனங்களில் ஹோர்ன் ரிலேயும் ஏசி ரிலேயும் ஒரே வகையாக இருக்கும். ஒன்றை மற்றதன் இடத்தில் போட்டுப் பார்த்தால் சதம் செலவில்லாமல் விடை கிடைத்து விடும்.

புதிய வாகனங்கள் சிலவற்றில் கிளச்சே இல்லாத கொம்பிரசர் உண்டு. அது எப்போதும் சுழன்று கொண்டே இருக்கும். அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

சில விநாடிக்கு ஒருமுறை டிக், டிக்

கொம்பிரசர் சில விநாடிகளுக்கு ஒருமுறை பிடித்து விட்டுக் கொண்டே இருந்தால், குளிரும் அரைகுறையாக இருந்தால், அப்போது கேஸ் உண்மையிலேயே குறைந்திருக்கலாம். அமுக்கம் குறைந்ததும் சுவிச் கொம்பிரசரை நிறுத்துகிறது. நின்றதும் அமுக்கம் சற்று ஏற, மீண்டும் விடுகிறது. கேஸ் குறைந்தால் அதனுடன் சேர்ந்து சுற்றும் ஓயிலும் கொம்பிரசருக்குச் சரியாகத் திரும்பாது. அதனால்தான் இந்தப் பாதுகாப்பு.

இங்கே முதல் வேலை ஓட்டையைக் கண்டுபிடிப்பது. கசியும் இடத்தில் பெரும்பாலும் ஓயில் பிசுக்குடன் தூசு படிந்து கறுத்திருக்கும். குழாய் மூட்டுகள், கண்டென்சரின் அடிப்பகுதி, கொம்பிரசரின் முன் சீல் ஆகியவற்றைப் பாருங்கள். நைதரசன் அடித்துச் சவர்க்கார நுரை வைத்துப் பார்ப்பதும், ஒளிரும் சாயம் விட்டு நீல விளக்கில் தேடுவதும் நல்ல முறைகள். இவற்றில் ஒன்றையாவது செய்யாமல் கேஸை மட்டும் அடிக்கும் கராஜில் இன்னொரு முறை பணம் கட்ட ஆயத்தமாக இருங்கள்.

மலை ஏறும்போது போகிறது

கடுகண்ணாவை ஏற்றத்தில் குளிர் போய், மேலே போய்ச் சமதரையில் ஓடும்போது திரும்புகிறது என்று சொல்பவர்கள் உண்டு. எக்ஸிலேட்டரை முழுதாக மிதிக்கும்போது சில விநாடிகளுக்கு ஏசியை நிறுத்தி எஞ்சினுக்குப் பலம் கொடுப்பது பல வாகனங்களின் இயல்பு. அது பழுதல்ல. ஆனால் பல நிமிடங்களுக்குப் போய் விட்டால், எஞ்சின் அளவு மீறிச் சூடாகிறது என்பதற்காக வாகனமே ஏசியை நிறுத்தியிருக்கலாம். இது ஏசிப் பழுதல்ல, எஞ்சினின் எச்சரிக்கை. ரேடியேட்டர் தண்ணீர், தேர்மோஸ்டட், பேன் ஆகியவற்றை உடனே பார்க்க வேண்டும். ஏசியை மட்டும் சரிசெய்யப் போனால் நாளைக்கு ஹெட் கஸ்கட் செலவு வந்து நிற்கும்.

எஞ்சின் வேகம் கூடும்போது கிரீச்சென்ற சத்தத்துடன் குளிர் குறைந்தால் பெல்ட் வழுக்குகிறது. இறுக்கிப் பார்க்கலாம், வெடிப்பு இருந்தால் மாற்றலாம். சிக்னலில் எஞ்சின் தானாக நிற்கும் வகைக் கார்களில், எஞ்சின் நிற்கும்போது ஏசிக் கொம்பிரசரும் நிற்பது இயல்பு. அதையும் பழுதென்று எண்ணிக் கராஜுக்கு ஓட வேண்டாம்.

"டிரெக்ட்" பண்ண விடாதீர்கள்

நேரத்துக்கு நேரம் நிற்கும் ஏசிக்கு எங்கள் ஊரில் ஒரு குறுக்கு வழி உண்டு. பிரஷர் சுவிச்சின் இரண்டு வயர்களையும் ஒன்றாக முறுக்கி விடுவார்கள். "டிரெக்ட் பண்ணி இருக்கு, இனி நிக்காது" என்பார்கள். உண்மைதான், இனி நிற்காது. அமுக்கம் எல்லை மீறினாலும் நிற்காது, கேஸே இல்லாவிட்டாலும் நிற்காது. குழாய் வெடிக்கும், அல்லது ஓயில் இல்லாமல் கொம்பிரசர் அரைந்து போகும். அரைந்த உலோகத் தூள் கண்டென்சர் வரை போய் அடைத்து விடும். பத்து நிமிடச் சோதனைக்காக மெக்கானிக் அப்படிச் செய்து பார்ப்பது வேறு. அப்படியே விட்டு வீட்டுக்கு அனுப்புவது வேறு.

கராஜில் கேட்க வேண்டியவை

கேஸ் அடிப்பதுதான் முடிவு என்றால் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்.

முதலாவது, கேஜ். இரண்டு பக்க அமுக்கத்தையும் கேஜ் வைத்துப் பார்த்தாரா? ஆர்134ஏ கேஸ் பாவிக்கும் வாகனத்தில், எங்கள் நாட்டுப் பகல் வெயிலில், ஏசி ஓடும்போது தாழ் பக்கம் 30 முதல் 40 பீஎஸ்ஐ வரையும், உயர் பக்கம் 200 முதல் 250 பீஎஸ்ஐ வரையும் இருப்பது பொதுவான நிலை. உயர் பக்கம் மிக ஏறியிருந்தால் கேஸ் அடிக்கவே கூடாது. கண்டென்சரையும் பேனையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, தராசு. எத்தனை கிராம் கேஸ் தேவை என்று பொனட்டின் அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 400 முதல் 600 கிராம் வரையில் போதும். பின்பக்கமும் ஏசி உள்ள வான்களுக்குக் கூடுதலாக வேண்டும். நாங்கள் சீனியையும் பருப்பையும் தராசில் போடாமல் விற்பதில்லை. கேஸையும் கைமதிப்பில் வாங்கக் கூடாது. பழைய கேஸை எடுத்து, வெகியூம் போட்டு, சிலிண்டரைத் தராசில் வைத்து நிறுத்து நிரப்புவதே சரியான முறை.

மூன்றாவது, எந்தக் கேஸ்? ஸ்டிக்கரில் ஆர்134ஏ என்றிருந்தால் அதுவே வேண்டும். அண்மைக்கால வாகனங்கள் பலவற்றில் ஆர்1234வைஎப் இருக்கும். ஒன்றுக்குப் பதிலாக மற்றதை அடிக்கக் கூடாது. மலிவு விலைச் சிலிண்டர் என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. 2011 இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிரூட்டிக் கொள்கலன்களின் இயந்திரங்கள் வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஆர்134ஏ என்ற பெயரில் நிரப்பப்பட்ட கேஸில் மெதில் குளோரைட் கலந்திருந்தது. அது அலுமினியத்துடன் தாக்கம் புரிந்து, காற்றுப் பட்டதும் தீப்பற்றும் பொருளை உண்டாக்கி விட்டது. எங்கள் வாகனங்களின் கண்டென்சரும் அலுமினியம்தான்.

கேஸின் தன்மையை அறிய ஓர் எளிய சோதனையும் உண்டு. வாகனம் பல மணித்தியாலம் நின்று ஆறியபின், எஞ்சினை ஓட்டாமல் கேஜ் வைத்தால், 30 பாகை வெப்பநிலையில் சுத்தமான ஆர்134ஏ ஏறத்தாழ 97 பீஎஸ்ஐ காட்டும். இதைவிட மிகக் கூடக் காட்டினால் காற்றோ வேறு கேஸோ கலந்திருக்க வாய்ப்புண்டு. மிகக் குறைவாகக் காட்டினால் கேஸ் அனேகமாகத் தீர்ந்திருக்கிறது. ஆனால் 97 காட்டுவதால் கேஸ் போதியளவு இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. அளவைச் சொல்வது தராசு மட்டுமே.

பழைய கேஸை வெளியே திறந்து விடும் கராஜ்காரரையும் தடுத்து நிறுத்துங்கள். 1 கிலோ ஆர்134ஏ, 1,400 கிலோவுக்கு மேற்பட்ட காபனீரொட்சைட்டு அளவுக்குப் பூமியைச் சூடாக்க வல்லது. அதை எடுத்துச் சேமிக்கும் இயந்திரம் உள்ள இடத்துக்குப் போவது எல்லோருக்கும் நல்லது.

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

பிரியஸ், அக்குவா போன்ற வாகனங்களில் கொம்பிரசர் பெல்ட்டால் ஓடுவதில்லை. உயர் வோல்ட் மின்சாரத்தால் ஓடுகிறது. செம்மஞ்சள் நிற வயர்கள் அதற்குரியவை. அவற்றில் சாரதியோ சாதாரண மெக்கானிக்கோ கை வைக்கக் கூடாது. இந்தக் கொம்பிரசர்களுக்கு மின்சாரத்தைக் கடத்தாத தனி வகை ஓயில் வேண்டும். சாதாரண வாகனங்களுக்கு விடும் பீஏஜி ஓயில் சிறிதளவு கலந்தாலும் மின் காப்புக் குறைந்து, வாகனத்தின் கம்பியூட்டர் பழுதுக் குறி காட்டும். கேஸ் அடிக்கும் இயந்திரத்தின் குழாயில் தங்கியிருந்த பழைய ஓயிலே இதற்குப் போதும். ஆகவே ஹைபிரிட் வேலைக்கெனத் தனிக் கருவி உள்ள இடத்தையே தேடிப் போங்கள்.

சாரதியின் கையில் ஒரு கொப்பி

இவ்வளவையும் படித்து மனதில் வைத்திருக்க வேண்டியதில்லை. ஒரு சிறிய கொப்பியையும் பேனையையும் வாகனத்தில் வையுங்கள். குளிர் போகும் ஒவ்வொரு தடவையும் சாரதி ஆறு விஷயங்களை எழுதட்டும்.

1. எத்தனை மணி, புறப்பட்டு எவ்வளவு நேரம்?
2. வாகனம் ஓடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா, ஏற்றத்தில் ஏறியதா?
3. காற்றின் வேகம் குறைந்ததா, அப்படியே இருந்ததா?
4. எஞ்சின் சூட்டு முள் எங்கே நின்றது?
5. கொம்பிரசர் தட்டு சுழன்றதா, கண்டென்சர் பேன் ஓடியதா?
6. எவ்வளவு நேரத்தில், என்ன செய்தபின் குளிர் திரும்பியது?

இரண்டு வாரம் எழுதினால் போதும். ஒரே மாதிரியான குறிப்புகள் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். அந்தக் கொப்பியுடன் கராஜுக்குப் போனால், நல்ல மெக்கானிக் உங்களுக்கு நன்றி சொல்வார். அவர் தேட வேண்டிய இடம் பத்திலிருந்து ஒன்றோ இரண்டோ ஆகி விடும். கொப்பியைப் பார்க்காமலே கேஸ் சிலிண்டரைத் தூக்குபவரிடம் வாகனத்தைக் கொடுக்காமல் திரும்புவது உங்கள் பணத்துக்குப் பாதுகாப்பு.

செலவு செய்யும் ஒழுங்கையும் மறக்க வேண்டாம். முதலில் செலவில்லாத சோதனைகள்: பேன், பில்டர், பெல்ட், ரிலே. அடுத்தது சிறு செலவு: கண்டென்சர் கழுவுதல், கிளச் இடைவெளி, தேர்மிஸ்டர். அதற்குப் பிறகு ஓட்டை தேடுதல், ட்ரையர், வெகியூம். கொம்பிரசர் கடைசியில்தான் வர வேண்டும். பஞ்சிகாவத்தையில் பாவித்த கொம்பிரசர் வாங்குவதாக இருந்தாலும், பழையது ஏன் பழுதானது என்று தெரியாமல் வாங்க வேண்டாம். காரணம் அப்படியே இருந்தால், புதிதாகப் போட்டதும் அதே வழியில் போய் விடும்.

கடையில் கல்லாப் பணம் குறைந்தால் நாம் உடனே பெட்டிக்குள் பணம் போட்டு நிரப்புவதில்லை. எந்த நேரத்தில், யார் இருக்கும்போது குறைகிறது என்று பார்க்கிறோம். வாகன ஏசிக்கும் கணக்கு அதேதான்.